நான்காம் நாள் மதிப்பெண்ணும் பத்தாம் நாள் குழந்தையும்

கவாசாகி நோயில் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் உடல் குளிர்ந்துவிடுகிறது. கண் சிவப்பு மறைகிறது, மேலெல்லாம் படர்ந்திருந்த தடிப்பு அடங்குகிறது, விரல் நுனியில் தோல் உரிகிறது, குழந்தை எழுந்து விளையாடப் போகிறது. ‘வைரஸ் காய்ச்சல், ஒருவழியாக விட்டது’ என்று வீடு நிம்மதி அடைகிற அதே வாரங்களில்தான், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் சுவர் அழற்சியால் தளர்ந்து புடைக்கிறது. சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது நேர்கிறது. புடைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைக்கும் மாரடைப்பு வரும்.

எந்தக் குழந்தையின் தமனி புடைக்கும், எந்தக் குழந்தை தப்பும் என்பதை நோயின் முதல் வாரத்திலேயே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஜப்பானிய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி, ஓரளவு பதிலும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பதிலை நாம் எப்படிப் பயன்படுத்த வேண்டும், எதற்குப் பயன்படுத்தவே கூடாது என்பதுதான் இங்கே என் கவலை. ஏனென்றால், பதிலாகக் கிடைத்த மதிப்பெண் கணக்கு நோயின் நான்காம் நாளில் மருத்துவரிடம் வந்துவிடும் குழந்தையை மனதில் வைத்து உருவானது. நம் ஊரில் நோய் இன்னதென்று பிடிபடும்போது எட்டாம் நாளோ பத்தாம் நாளோ ஆகிவிடுகிறது.

1961 ஜனவரியில் டோக்கியோவின் ஹிரோ பகுதியிலிருந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி பார்த்தார். விடாத காய்ச்சல், இரு கண்களிலும் பீளை இல்லாத சிவப்பு, வெடித்த உதடு, ஸ்ட்ராபெரிப் பழம்போல் சிவந்து முட்களாகத் தெரிந்த நாக்கு, உடல் தடிப்பு, வீங்கிய கை கால். அவருக்குத் தெரிந்த எந்த நோயிலும் இது அடங்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை வந்தது, பிறகு இன்னும் சில. 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் 44 பக்கக் கட்டுரை ஒன்றைத் தனியொருவராக எழுதினார். தானாக ஆறிவிடும் நோய் என்றே அப்போது கருதப்பட்டது. 1970இல் நடந்த முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பில்தான் பத்துக் குழந்தைகள் இறந்திருந்தது தெரியவந்தது. உடற்கூறாய்வு கரோனரி தமனிகளைக் காட்டியது. கண்ணுக்குத் தெரிந்த அத்தனை அறிகுறிகளும் ஆறிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒன்று கொன்றிருந்தது.

மருந்து 1980களில் வந்தது. 1984இல் ஜப்பானியக் குழுவும் 1986இல் அமெரிக்கக் குழுவும், பல்லாயிரம் பேரின் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியாக ஏற்றினால் தமனிப் புடைப்பு வெகுவாகக் குறைகிறது என்று நிறுவின. இன்று நோயின் முதல் பத்து நாள்களுக்குள், முடிந்தால் ஏழு நாள்களுக்குள், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஒரே தடவையில் ஏற்றுகிறார்கள். நான்கில் ஒருவர் என்ற கணக்கு நூற்றுக்கு நான்கைந்து பேராக இறங்கியது இதனால்தான். குழந்தை மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று.

ஆனாலும் இந்த மருந்துக்கு அடங்காத குழந்தைகள் இருக்கிறார்கள். மருந்து ஏறி முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் நிற்பதில்லை, அல்லது திரும்ப வருகிறது. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் இப்படி. தமனி புடைக்கும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் அதிகம். 36 மணி நேரம் காத்திருந்து, ‘கேட்கவில்லை’ என்று தெரிந்த பிறகு அடுத்த மருந்துக்குப் போனால், அழற்சி அதற்குள் தமனிச் சுவரைத் தின்றிருக்கும். இவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடிந்தால் முதல் நாளிலேயே கூடுதல் மருந்து சேர்க்கலாம். ரத்தக் குறியீடுகளைத் தேடியதன் மருத்துவ நியாயம் இதுதான்.

2006இல் ஜப்பானிலிருந்து வந்த கோபயாஷி மதிப்பெண் இந்தத் தேடலில் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி. அதில் விலை உயர்ந்த பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. ரத்தத்தில் சோடியம் 133 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 2 புள்ளி. கல்லீரல் நொதியான ஏஎஸ்டி 100 அல்லது அதற்கு மேல் என்றால் 2. வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 2. நோய் தொடங்கிய முதல் நான்கு நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கும் நிலை என்றால் 2. அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. ஒரு டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், பிளேட்லெட் மூன்று லட்சம் அல்லது அதற்குக் கீழ், குழந்தைக்கு ஒரு வயதோ அதற்குக் குறைவோ: இவை ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 11. நான்கைத் தொட்டால் ஆபத்து அதிகம்.

சோடியம் ஏன் இதில் வருகிறது என்று வியப்பாக இருக்கலாம். அழற்சி முற்றும்போது நுண்ணிய ரத்தநாளங்கள் கசியத் தொடங்குகின்றன. உடல் நீரைப் பிடித்துவைக்கிறது, சோடியம் நீர்த்துப்போகிறது. ஆல்புமின் என்ற புரதம் குறைவதும் இதே கசிவால்தான். ஆக, குறைந்த சோடியம் என்பது உப்புச் சத்துக் குறைபாட்டுச் செய்தி அல்ல. நாளங்கள் எவ்வளவு சேதப்பட்டிருக்கின்றன என்பதற்கான மறைமுகத் தகவல். எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடிய பரிசோதனையிலிருந்து இவ்வளவு படிக்க முடிகிறது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்த மதிப்பெண் வெறும் ஆரூடமாக நின்றுவிடவில்லை. 2012இல் லான்செட் இதழில் வெளியான ரெய்ஸ் ஆய்வில் ஜப்பானின் 74 மருத்துவமனைகள் பங்கெடுத்தன. கோபயாஷி மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் பெற்ற குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இம்யூனோகுளோபுலின் மட்டும். மறு பிரிவுக்கு அதனுடன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டிராய்டும். முதல் பிரிவில் 23 சதவீதக் குழந்தைகளுக்குக் கரோனரி கோளாறு வந்தது. ஸ்டிராய்டு சேர்ந்த பிரிவில் 3 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

இதன் பெருமை முழுதாகப் புரிய 1979க்குப் போக வேண்டும். இம்யூனோகுளோபுலின் வருவதற்கு முன்பு நடந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் ஸ்டிராய்டு மட்டும் பெற்ற 17 குழந்தைகளில் 11 பேருக்குத் தமனிப் புடைப்பு வந்தது. அந்தச் சிறு ஆய்வின் அச்சத்தில் பல ஆண்டுகள் இந்த நோயில் ஸ்டிராய்டைத் தொடவே மருத்துவர்கள் தயங்கினார்கள். 2007இல் அமெரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக ஸ்டிராய்டு சேர்த்துப் பார்த்தபோதும் சொல்லும்படி பயன் தெரியவில்லை. விலை மலிவான மருந்துதான். அதை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் இருந்தது. ஒரு ரத்தக் கணக்கு அந்த வேலையைச் செய்தது.

சிக்கல் இந்தக் கணக்கு ஜப்பானைவிட்டு வெளியே போனபோது தொடங்கியது. வட அமெரிக்கக் குழந்தைகளில் 2011இல் சோதித்தபோது, மருந்துக்கு அடங்காதவர்களில் பெரும்பாலோரை அது தவறவிட்டது. மதிப்பெண் அதிகம் என்றால் கவலைப்படக் காரணம் இருந்தது; மதிப்பெண் குறைவு என்பதை நம்பி யாரும் தூங்க முடியவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். ஜப்பான் பானையில் எடுத்த பருக்கையை வைத்து பாஸ்டன் பானையையோ மதுரைப் பானையையோ இறக்கிவிட முடியாது.

மரபணுக்கள் ஒரு காரணம். ஜப்பானில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் லட்சத்துக்கு 300 பேருக்கு மேல் ஆண்டுதோறும் இந்த நோய் வருகிறது. ஹவாய்த் தீவில் குடியேறி வாழும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளிலும் அதற்கு நெருக்கமான விகிதம். நோய்த்தடுப்பணுக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் மாறுபாடு நோய்க்கும் தமனிப் பாதிப்புக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நாள் கணக்கு. கோபயாஷி பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நான்கு நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் 2 புள்ளி. ஜப்பானில் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் இந்த நோய் பழக்கமானது. தீவிரமான நோய் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஆகவே சீக்கிரம் வந்தவர் என்றாலே தீவிர நோயாளி என்று அங்கே பொருள்படுகிறது. இங்கே மூன்று நாள் பாரசிட்டமால், அடுத்து ஓர் ஆன்டிபயாடிக், அது கேட்காமல் வேறொரு ஆன்டிபயாடிக், டெங்குப் பரிசோதனை, டைபாய்டு பரிசோதனை என்று போய், கடைசியில்தான் யாரோ ஒரு மருத்துவர் உதட்டையும் விரலையும் சேர்த்துப் பார்க்கிறார். பத்தாம் நாளில் வரும் அந்தக் குழந்தைக்கு முதல் 2 புள்ளி போய்விட்டது. பிளேட்லெட் இரண்டாவது வாரத்தில் தானாகவே ஏறும்; நான்கரை லட்சத்தைத் தாண்டும், சில நேரம் பத்து லட்சத்தையே தொடும். அந்தப் புள்ளியும் போய்விட்டது. நியூட்ரோஃபில் இறங்கத் தொடங்கியிருக்கும், சி.ஆர்.பி.யும் தணியத் தொடங்கியிருக்கலாம். ஆக, தாமதத்தாலேயே தமனிக்கு அதிக ஆபத்தில் இருக்கும் குழந்தை, தாள் கணக்கில் ‘ஆபத்து குறைவு’ என்று வந்து நிற்கும். இதைவிடக் கொடிய பிழை ஒரு முன்கணிப்புக் கருவியில் இருக்க முடியாது. கருவியில் கோளாறு இல்லை. அதன் நாள் வேறு, நம் நாள் வேறு.

அளவீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுகள் சி.ஆர்.பி.யை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கின்றன. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை என்று அச்சிடுகின்றன. அங்கே 10 என்பது இங்கே 100. நம் சீட்டில் 12 என்று பார்த்து ‘பத்தைத் தாண்டிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும். சின்ன விஷயம்தான், குழந்தை மருத்துவப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையின் சுவரிலும் ஒட்டிவைக்க வேண்டிய விஷயமும்கூட.

புதிய குறியீடுகளைப் பற்றிய கட்டுரைகள் இப்போது மாதந்தோறும் வருகின்றன. ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூக்கின்-6, புரோகால்சிடோனின், டெனாசின்-சி, நியூட்ரோஃபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம், சி.ஆர்.பி.க்கும் ஆல்புமினுக்கும் உள்ள விகிதம், மைக்ரோ ஆர்என்ஏ துணுக்குகள் என்று பட்டியல் நீளம். இவற்றில் எனக்குத் தனி மதிப்பு உள்ளது என்டி-புரோபிஎன்பி மீதுதான். மற்றவை உடலில் எங்கோ அழற்சி எரிகிறது என்று சொல்கின்றன. இது இதயத் தசை இழுபடும்போது இதயமே விடும் பொருள். கவாசாகி நோயின் தீவிரக் கட்டத்தில் இதயத் தசையிலும் அழற்சி இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே அறிகுறிகள் முழுதாகத் தெரியாத குழந்தையிடம் நோயைச் சந்தேகிக்க இது கைகொடுக்கிறது. ஆனால் வயதுக்கு வயது இயல்பான அளவே மாறுகிறது. கைக்குழந்தைக்கு ஓர் அளவு, ஐந்து வயதுக்கு வேறு அளவு. எல்லாருக்கும் ஒரே வெட்டுக்கோடு போட முடியாது.

இதில் இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. நாம் ரத்தம் எடுப்பது முழங்கைச் சிரையிலிருந்து. நோய் நடப்பது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியின் சுவருக்குள். அங்கே நடப்பதை இங்கே எடுத்த சில மில்லி ரத்தம் எவ்வளவு தூரம் சொல்லும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிகிச்சை பெற்ற நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்குத் தமனி புடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் நல்ல குறியீடு ஒன்று இருக்கிறது: பாதிக்கப்படப்போகும் நூறு பேரில் எண்பது பேரைப் பிடிக்கும், பாதிக்கப்படாத நூறு பேரில் எண்பது பேரைச் சரியாக விலக்கும். அந்த ஐவரில் நால்வரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் 19 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். எச்சரிக்கை வந்த 23 பேரில் உண்மையான ஆபத்தில் இருப்பவர் நால்வர். எச்சரிக்கை வராதவர்களில் ஒரு குழந்தை தவறிப்போகும்.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் குறியீடுகளால் பயனில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு. அடுத்து என்ன மருந்து கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த 19 பேரின் கணக்கு கனக்கும். சில வாரங்கள் மேற்பார்வையில் கொடுக்கும் பிரெட்னிசோலோன் விலை மலிவு, பக்கவிளைவும் சமாளிக்கக்கூடியது. நால்வரைக் காக்க 19 பேருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் நியாயமே. இன்ஃப்ளிக்சிமாப் என்ற விலை உயர்ந்த இன்னொரு மருந்து என்றால் யோசிக்க வேண்டும். ஆகவே ஒரு குறியீட்டைத் தனியாக நிறுத்தி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்தச் சிகிச்சைக்கு வாசல் திறக்க அதைப் பயன்படுத்துகிறோம் என்று சேர்த்தே கேட்க வேண்டும். வாசலை மூட அதைப் பயன்படுத்தவே கூடாது. மதிப்பெண் குறைவு என்பதால் ஒரு குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினைத் தள்ளிப்போடுவதோ, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் அனுப்புவதோ மருத்துவமாகாது. உலகின் எந்த வழிகாட்டுதலும் அப்படிச் சொல்லவில்லை.

சொல்லப்போனால், இன்றுவரை தெரிந்த ஆகச் சிறந்த முன்னறிவிப்பு ரத்தத்தில் இல்லை, முதல் எக்கோவில் இருக்கிறது. தமனியின் விட்டத்தைக் குழந்தையின் உடலளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணுக்கு இசட் ஸ்கோர் என்று பெயர். 2019இல் வட அமெரிக்கக் குழந்தைகளுக்காக உருவான மதிப்பெண்ணில், முதல் எக்கோவிலேயே இசட் ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல் என்றால் 2 புள்ளி. ஆறு மாதத்துக்குக் குறைந்த வயது, சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 13 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், ஆசிய இனம் என்பவற்றுக்குத் தலா 1. அந்த ‘ஆசிய’ என்ற கட்டத்தில் நம் பிள்ளையைப் போடலாமா? டோக்கியோக் குழந்தையும் திருநெல்வேலிக் குழந்தையும் ஒரே கட்டத்தில் அடங்குவார்களா? இதற்குப் பதில் சொல்லும் தரவு அமெரிக்காவிலிருந்து வராது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்த நோயை விடாமல் பதிவுசெய்துவரும் மையம் சண்டீகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 2009 முதல் 2014 வரை கணக்கிட்டபோது ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் லட்சத்துக்குச் சுமார் ஐந்து பேர். ஜப்பானின் 300க்கும் இந்த ஐந்துக்கும் உள்ள இடைவெளி முழுவதும் மரபணுவால் வந்தது என்று நான் நம்பவில்லை. மருத்துவர் தேடினால்தான் இந்த நோய் கிடைக்கும். அதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. தேடும் மருத்துவர் இருக்கும் ஊரில்தான் எண்ணிக்கை ஏறும்.

கைக்குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களிடம் அறிகுறிகள் மிகக் குறைவாகவும் தமனி ஆபத்து மிக அதிகமாகவும் இருக்கும். காரணம் தெரியாமல் ஏழு நாள் காய்ச்சல் நீடித்தாலே கவாசாகி நோயை நினைக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வகுத்தது. சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், ஆல்புமின் 3 கிராம் அல்லது அதற்குக் கீழ், ரத்தசோகை, ஏழாம் நாளுக்குப் பின் உயர்ந்த பிளேட்லெட், 15,000 அல்லது அதைத் தாண்டிய வெள்ளையணு, உயர்ந்த கல்லீரல் நொதி, சிறுநீரில் வெள்ளையணு என்று அது சொல்லும் அத்தனையும் நம் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பவை. இன்னொரு தடயம் அமெரிக்கர்களுக்குக் கிடைக்காதது, ஜப்பானியருக்கும் நமக்கும் கிடைப்பது: பிசிஜி தடுப்பூசித் தழும்பு இந்த நோயில் திடீரெனச் சிவந்து தடிக்கும். கைக்குழந்தையின் இடது தோளைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். காய்ச்சலோடு அந்தத் தழும்பு சிவந்திருப்பதைக் கண்டால் தாய்மார்களே மருத்துவரிடம் சுட்டிக்காட்டலாம்.

கோவிட் காலம் ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. 2020இல் கவாசாகியை ஒத்த பல்லுறுப்பு அழற்சி குழந்தைகளைத் தாக்கியபோது, சென்னையிலிருந்தும் அந்த ஆண்டே மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. ஃபெரிட்டின், டி-டைமர், ட்ரோபோனின், என்டி-புரோபிஎன்பி ஆகியவற்றை உடனுக்குடன் எடுத்துப் பார்ப்பதும், அன்றே எக்கோ செய்வதும் குழந்தை வார்டுகளின் வழக்கமாயிற்று. தொற்று ஓய்ந்ததும் அந்தச் சுறுசுறுப்பும் ஓய்ந்துவிடக் கூடாது. ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலை அன்று பார்த்த கண்ணோடு இன்றும் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 கிராம் இம்யூனோகுளோபுலின் வேண்டும்; ஐந்து கிராம் குப்பிகள் ஆறு. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்தத் தொகை பல மாத வருமானம். ஆபத்து யாருக்கு என்று சொல்லிவிட்டு மருந்தைக் கொடுக்க வழியில்லாமல் நிற்பதைவிடப் பெரிய தோல்வி இல்லை. இந்த மருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். மருத்துவர் சந்தேகித்த அன்றே, அனுமதிக் கடிதத்துக்குக் காத்திராமல், அரசின் செலவில் ஏற்றும் ஏற்பாடு வேண்டும். காய்ச்சல் ஏழாம் நாளில் இருக்கும் குழந்தைக்குக் காப்பீட்டு ஒப்புதல் பத்தாம் நாளில் வந்தால் அது உதவி ஆகாது.

இதனோடு, மாநிலத்தின் அரசு, தனியார் குழந்தைகள் மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பதிவேட்டைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் பக்கத்தில் அது காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தது என்று எழுத வேண்டும்; இந்த ஒரு விவரம் இல்லாமல் சோடியமும் பிளேட்லெட்டும் வெறும் எண்கள். முதல் எக்கோவின் இசட் ஸ்கோரும், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் எடுத்த எக்கோக்களும் அதில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் நம் குழந்தைகளுக்கான கணக்கை நாமே போட அது போதும். ஏழாம் நாளுக்குப் பிறகு வரும் குழந்தைக்கு எந்தக் குறியீடு உண்மை சொல்கிறது என்பதை ஜப்பானும் அமெரிக்காவும் நமக்காக ஆராயப்போவதில்லை, ஏனென்றால் அங்கே அப்படி வரும் குழந்தைகள் சிலரே. அந்தப் பதிவேட்டில் முதலில் ஏற வேண்டியவை, கோபயாஷி மதிப்பெண் நான்குக்குக் கீழ் இருந்தும் தமனி புடைத்த குழந்தைகளின் ரத்த அறிக்கைகள். அவை இப்போதே நம் மருத்துவமனைகளின் கோப்பு அறைகளில் இருக்கின்றன. எடுத்துப் படிக்க ஆட்களும் அவர்களுக்கு ஒதுக்கிய நேரமும் வேண்டும்.